மலாவிக்குப் போகும் சசிகுமாருக்குச் சில குறிப்புகள்

போன சனிக்கிழமை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். ஒரு கையில் கரட் பை. மறு கையில் கம்பி உடைந்த குடை. இப்படிப்பட்ட கோலத்தில் நிற்கும்போதுதான் வாசகர்கள் என்னை அடையாளம் கண்டுகொள்வார்கள். வேட்டி கட்டிக்கொண்டு கூட்டத்தில் பேசப் போகிற நாளில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"சேர், பேப்பர்ல வாரா வாரம் எழுதுறது நீங்கதானே?"

முப்பது வயது இருக்கும். பெயர் சசிகுமார். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் வேலை. அடுத்த மாதம் மலாவிக்குப் போகிறாராம். ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கம், பெரிய ஏரி ஒன்றை ஒட்டி நீளமாகக் கிடக்கிற சின்ன நாடு அது. அங்கேயும் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. முலாஞ்சி என்ற இடத்தில் ஒரு பெக்டரியில் கொழுந்து தூளாவதைக் கவனிக்கிற உதவி டீமேக்கர் வேலை கிடைத்திருக்கிறது.

"நீங்க மார்ச்சில அங்க போயிட்டு வந்தீங்கன்னு சொன்னாங்க சேர். ஆனா அதப் பத்தி ஒன்னுமே எழுதலயே... என்னா கொண்டு போகணும், எப்புடி நடந்துக்கணும்னு கொஞ்சம் எழுதுங்க சேர். எங்க வீட்டுல யாரும் பிளேன் ஏறுனதே இல்ல."

நியாயமான கேள்வி. கடைவாய்ப் பல் பிடுங்கியதை மூன்று வாரம் எழுதியவன் நான். பக்கத்து வீட்டு நாயைப் பற்றி இரண்டு வாரம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கடல் கடந்து போனதைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. ஏன்?

நான் பதில் யோசிப்பதற்குள் சசிகுமார் அடுத்ததைச் சொன்னார். "டூரிஸ்ட் ஆளுங்க கொழுந்துக் கூடைய வாங்கித் தோள்ல போட்டு போட்டோ எடுக்குறதக் கண்டிச்சு எழுதியிருந்தீங்களே சேர்... அத எங்க பெக்டரி நோட்டிஸ் போர்டுல ஒட்டி வச்சிருக்கோம். இன்னும் இருக்கு."

பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடினேன். வந்தது என் பஸ் இல்லை.

சரி, சசிகுமார். கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன்.

முதலில் விசா. நான் சொல்வதை நம்பாதீர்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. உங்களுக்கு வேலை அனுமதி எடுத்துத் தர வேண்டியது கம்பனியின் பொறுப்பு. அந்தக் கடதாசி கையில் வராமல் டிக்கெட்டுக்கு அவசரப்படாதீர்கள். வழியில் எந்த நாட்டில் இறங்கி ஏறுகிறீர்கள் என்பதைப் பார்த்து, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையை அதிகாரிகள் கேட்கலாம். அதை முன்கூட்டியே விசாரித்து, போட வேண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அட்டையை பாஸ்போர்ட்டோடு வையுங்கள், பெரிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். நான் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஒரு அதிகாரிக்கு முன்னால் நின்று என் சட்டைப் பையைப் பத்துத் தடவை தடவினேன்.

மலேரியா அங்கே உண்டு. நம்மவர்களுக்கு அது மறந்து போன வியாதி என்பதால் அலட்சியம் வரும். புறப்படுமுன் டொக்டரைப் பார்த்து மாத்திரை பற்றிக் கேளுங்கள். அங்கே போனால் வலை கட்டித்தான் படுக்க வேண்டும். ஏரி அழகுதான். பார்த்ததும் குதிக்கத் தோன்றும். நத்தையால் பரவுகிற ஒரு நோய் சில இடங்களில் இருக்கிறது, ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டையாக அடுக்கிக்கொண்டு போனேன் நான். தேயிலை எங்கே விளைகிறதோ அங்கே மழை இருக்கும் என்பது தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரிய வேண்டாமா? ஜூன், ஜூலை மாதங்களில் பனியும் தூறலுமாக ஒரு குளிர் நாள் கணக்கில் கவிந்து நிற்குமாம். அதற்கு சிப்பெரோனி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு ஜேர்சி கட்டாயம். மழைக் கோட் அதைவிடக் கட்டாயம்.

பிளக் நம்முடைய சதுர மூன்று முள் பிளக்தான், மாற்றுக்கட்டை தேவையில்லை. கரண்ட் போகும், டோர்ச் வேண்டும். வாகனம் நம்மைப் போலவே இடப் பக்கம் ஓடும். மினி பஸ் நிரம்பினால்தான் புறப்படும். நிரம்பியது என்பதை கொண்டக்டர்தான் தீர்மானிப்பார்... இதற்கெல்லாம் ஹட்டன்காரனுக்குப் பயிற்சி தேவையில்லை.

சாப்பாடு ந்ஸிமா. சோள மாவில் கிண்டுவது. நம் குரக்கன் களியின் வெள்ளைக்காரத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் உருட்டி, கீரையிலோ மீனிலோ தொட்டுச் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் பிடித்துவிடும். மிளகாய்த் தூள் கொண்டு போங்கள். என் மனைவி கட்டித் தந்த பொட்டலம்தான் என்னைக் காப்பாற்றியது.

இனி மிக முக்கியமான ஒன்று. அங்கே யாரிடம் எது கேட்பதானாலும் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். வழி கேட்பதானாலும், கடையில் சவர்க்காரம் வாங்குவதானாலும். "முலி ப்வாஞ்சி?" என்றால் எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அவர் பதில் சொல்லி, உங்களைத் திருப்பிக் கேட்டு, நீங்கள் பதில் சொன்ன பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும். கை கொடுக்கும்போது இடக் கையால் வலக் கையைத் தாங்கிக் கொடுத்தால் மரியாதை. நன்றிக்கு "ஸிகோமோ". விசாரிக்காமல் நேரே விஷயத்துக்குப் போகிறவனை அங்கே மனிதர்களைத் தெரியாதவன் என்று நினைப்பார்கள்.

நினைப்பது சரிதான். நான் அப்படித்தான் நடந்தேன்.

இதுவரை எழுதியதை உங்களுக்கு யாரும் சொல்லுவார்கள், சசிகுமார். எட்டு மாதமாக நான் எழுதாமல் ஒளித்து வைத்திருந்தது இனிமேல் வருவது.

என் மனைவியின் தம்பி தேவராஜ், தியோலோ என்ற இடத்தில் ஒரு தோட்டத்தில் டீமேக்கர். நீங்கள் போகிற முலாஞ்சியிலிருந்து வாகனத்தில் ஒரு மணி நேரம்தானாம். பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர். பென்ஷன் எடுத்த பிறகு போனேன். நான்காம் நாள் காலையில் தேயிலை மலை பார்க்கக் கூட்டிப் போனார்.

அப்படியொரு பச்சை. இறங்கியதும் என் கால்கள் தாமாகவே நிரைக்கு நடுவில் பாதை கண்டுபிடித்தன. ஆண்களும் பெண்களுமாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடையை நம்மைப் போலக் கயிற்றில் கட்டித் தலையில் மாட்டுவதில்லை. பள்ளிக்கூடப் பை மாதிரி இரண்டு தோளிலும் பட்டி.

எனக்கு உள்ளே ஏதோ பொங்கியது. நானும் உங்கள் ஆள்தான் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். என் அம்மா கொழுந்து எடுத்தவர். என் அக்கா ஞானம்மா நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர், அந்தக் கூடையில்தான் நான் படித்து வாத்தியார் ஆனேன். லீவு நாட்களில் நானே கூடை மாட்டியிருக்கிறேன். இதையெல்லாம் வாயால் சொல்லியிருக்கலாம் இல்லையா? தேவராஜ் மொழிபெயர்த்திருப்பார். ஆனால் செய்து காட்டினால் வீடியோ நன்றாக வரும் என்று தோன்றியது.

"அந்தம்மாகிட்ட கூடையக் கேளு மச்சான்," என்றேன், அடுத்த நிரையில் நின்ற ஒரு பெண்ணைக் காட்டி.

தேவராஜ் கபிட்டாவைப் பார்த்துக் கை காட்டினார். கபிட்டாவ் என்றால் அங்கே கங்காணி. கபிட்டாவ் அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. கூடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். டீமேக்கரின் விருந்தாளி கேட்டால் சிரிக்காமல் வேறு என்ன செய்ய முடியும் என்பது அப்போது உறைக்கவில்லை. நலம் விசாரிக்கவில்லை. பெயர் கேட்கவில்லை.

பட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டேன், ஹட்டன் பாணியில். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உற்சாகம் தலைக்கேறியது. இரண்டு கையாலும் பறித்தேன். பத்து நிமிடம் இருக்கும். கை வேகமாகத்தான் போனது. ஆனால் அந்த விரல்கள் கரும்பலகையில் சோக்கட்டி பிடித்தே முப்பத்தைந்து வருடம் கழித்தவை. கொழுந்தோடு முத்தல் இலை, காம்பு, எல்லாம் உள்ளே போனது. அந்தப் பெண் இரண்டு தடவை கையை நீட்டிக் கூடைக்குள் இருந்து எதையோ எடுத்து எறிந்தார். கூடையைச் சரி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு தேவராஜின் போனைப் பார்த்துச் சிரித்தேன்.

தோட்டத்து லயத்தில் பிறந்த எவருக்கும் தெரிந்த விஷயம் இது. அடுத்தவர் கூடையில் கை வைக்கக் கூடாது. கூடைக்குள் கிடப்பதற்கு, மாட்டியிருக்கும் ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். டூரிஸ்ட்டுக்குத் தெரியாது, மன்னிக்கலாம். எனக்குத் தெரியாதா?

மத்தியானம் நிறுவை. "வாங்க மச்சான், அதையும் பாத்துட்டுப் போவோம்," என்றார் தேவராஜ். தகரக் கொட்டகை. தராசு. வரிசை. எல்லாம் நம் ஊர் மாதிரியே. அந்தப் பெண்ணின் முறை வந்தது. கபிட்டாவ் கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். முகம் மாறியது. கூடையைத் தரையில் விரித்திருந்த படங்கில் கவிழ்த்தார். முரட்டு இலை ஒன்றை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து உடைத்தார். அது உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அது என் இலை.

காலையில் கூடையை வாங்கித் தந்தவரே இவர்தான். பத்து நிமிடக் கூத்தை மறந்தாரோ, டீமேக்கரின் விருந்தாளியைக் கை காட்ட முடியாமல் மறந்த மாதிரி இருந்தாரோ... யார் கண்டது? அந்தப் பெண்ணை ஓரமாக உட்கார்ந்து முத்தலைப் பொறுக்கச் சொன்னார். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் நிறுத்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. நான் பேசுவேனா என்று பார்த்தார், அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்துப் பார்த்தேன். அந்த மலையில் சிக்னலே கிடையாது.

"அத நான்தான் போட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கபிட்டாவுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் காலையில்தான் தேவராஜ் என்னை எழுத்தாளர் என்றும் வாத்தியார் என்றும் அறிமுகம் செய்திருந்தார். ஒரு பிடி கொழுந்து ஒழுங்காக எடுக்கத் தெரியாத எழுத்தாளர் ஆக எனக்கு விருப்பமில்லை. லொறி வந்தது. மற்றக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு அவருடையதை விட்டுவிட்டுப் போனது.

வாகனத்தில் ஏறியதும் தேவராஜ் சொன்னார். "அத விடுங்க மச்சான். அது அவங்க டிசிப்ளின். நாம தலையிட்டா கபிட்டாவ் மொகம் கோணிரும்."

அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். நான் தேடிக்கொண்டிருந்த காரணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார் அல்லவா?

தவக்காலம் அது. ஊர் திரும்பியதும் பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொன்னேன். மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். கோயிலை விட்டு வெளியே வந்து இரண்டு வடை வாங்கிச் சாப்பிட்டேன். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் நீங்கள் அந்த நோட்டிஸ் போர்டைப் பற்றிச் சொல்லும் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று இரவு தூக்கம் சரியில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கொத்மலைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்காவுக்குப் போன மாதம் கண் ஆபரேஷன் நடந்தது. "கண்ணு நல்லானதும் ஒன் ஆப்பிரிக்கா படத்தப் பாக்குறேன் தம்பி" என்று மார்ச்சிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த மங்கிய கண்ணை நம்பித்தான் நானும் நிம்மதியாக இருந்தேன். இப்போது தேத்தண்ணியைக் கையில் கொடுத்த கையோடு போனை வாங்கிக்கொண்டார்.

ஏரி, குரங்கு, தேவராஜின் பங்களா... விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர், தேவராஜ் எடுத்து அனுப்பிய, நான் கூடை மாட்டி நிற்கும் படத்தில் நிறுத்தினார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். என் முகத்தை இல்லை. கூடையை.

"யாரு கூடை இது?"

"அங்க ஒரு அம்மாவோடது."

"முத்தலா கெடக்கே தம்பி. நீயா எடுத்த?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இத நிறுவைக்குக் கொண்டு போனாங்களா?"

நாற்பது வருடம் அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவரிடம் எதை மறைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். பாதரிடம் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன், பாவத்தில் கொஞ்சம் கழியுமே என்று.

அக்கா திட்டவில்லை. போனைப் பாவாடைத் துணியில் துடைத்து என்னிடம் தந்தார். "பாதர்கிட்ட சொன்ன. அந்தக் கங்காணிகிட்ட சொன்னியா?"

எனக்கு அறுபத்திரண்டு வயது. அக்காவின் சமையலறைப் பலகையில் உட்கார்ந்து அழுதேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் அடுப்பில் விறகைத் தள்ளினார். "அந்தப் புள்ளைய என்னா செஞ்சாங்கன்னு கேளு மொதல்ல," என்றார்.

அங்கேயே உட்கார்ந்து தேவராஜுக்குப் படத்தை அனுப்பிக் கேட்டேன். சாயங்காலம் பதில் வந்தது, குரல் செய்தியாக.

"மச்சான், அவங்க பேரு எஸ்நாத்தாம். கெட்ட கொழுந்து கொண்டாந்தாங்கன்னு சீசன் முடியுற வரைக்கும் தூரத்து மலைக்கு அனுப்பிட்டாங்களாம். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம் நடை. எனக்கு இப்பத்தான் தெரியும், சத்தியமா. இந்த சீசனுக்கு மறுபடி இங்கதான் பேரு கொடுத்திருக்காங்க. ஆனா கபிட்டாவ் இன்னும் அவங்க கூடைய மட்டும் கவுத்துக் கொட்டித்தான் பாக்குறாராம்."

அக்காவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தூரத்து மலை என்றால் என்ன என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரும் நடந்திருக்கிறார்.

"சசிகுமார்னு ஒரு தம்பி போகுது. அவர்கிட்ட நல்ல சேல ஒன்னு வாங்கிக் கொடுத்து அனுப்பவா அக்கா?"

"சேல எதுக்கு? அந்தப் புள்ளயோட கூடை இன்னும் கவுந்துக்கிட்டுல்ல இருக்கு. அந்த ஆளுக்கு முன்னால சொல்லு."

"தேவராஜ சொல்லச் சொல்லட்டுமா?"

"அவரா போட்டாரு?"

ஆக, சசிகுமார், வாசலில் நின்று என் போனில் ஒரு வீடியோ எடுத்தோம். எடுத்தது அக்கா. முதல் தடவை, நான் தோட்டத்தில் பிறந்தவன், கொழுந்து எடுப்பவர்கள் மீது பெரும் மரியாதை உள்ளவன் என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கையை ஆட்டி நிறுத்தினார். "நீட்டுற. நீட்டுனா ஏதோ மழுப்புறன்னு அர்த்தம்." இரண்டாம் தடவை கீழே பார்த்துப் பேசினேனாம். அதையும் கழித்தார். மூன்றாவதுதான் தேறியது. பதினைந்து செக்கன் கூட இல்லை. "எஸ்நாத்தின் கூடையில் இருந்த முத்தல் இலை நான் போட்டது. அவருடையது இல்லை. நீங்கள் அதை உடைத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், பேசவில்லை. எஸ்நாத், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்." இதைச் சொல்ல எட்டு மாதம்.

நீங்கள் இந்த வாரம் ஹட்டன் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். தேவராஜிடம் மட்டும் கொடுத்தால், கபிட்டாவ் முகம் கோணும் என்று காட்டாமலே விட்டுவிடுவார். அங்கே சேர்ந்ததும் தேவராஜோடு தியோலோ தோட்டத்துக்குப் போங்கள், அவர் வழி காட்டுவார். எஸ்நாத் தனியாக இருக்கும்போது காட்ட வேண்டாம். நிறுவை நேரத்தில், கபிட்டாவுக்கு முன்னால், வரிசையில் எல்லாரும் நிற்கும்போது போட்டுக் காட்டுங்கள். சிக்னல் தேவையில்லை. அதற்கு முன்னால், மறந்துவிடாமல், எஸ்நாத்திடம் நலம் விசாரியுங்கள். அவர் பதில் சொல்லும் வரை நில்லுங்கள்.

அவர் மன்னிப்பாரா, தெரியாது. அது அவர் இஷ்டம். கூடையை இனிக் கவிழ்க்காமல் இருந்தால் போதும்.

புறப்படுமுன் இன்னும் ஒரு உதவி. உங்கள் பெக்டரி நோட்டிஸ் போர்டில் என் பழைய பத்திக்குப் பக்கத்திலேயே இதையும் ஒட்டிவிடுங்கள். பழையதைக் கிழிக்க வேண்டாம், அதில் எழுதியிருப்பது சரிதான் — எழுதிய ஆள்தான் சரியில்லை.